பெயர் பெறாத கரங்கள்: நீலக் குழந்தைச் சத்திரசிகிச்சையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் பெயர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நோயொன்று அதனை விவரித்தவரின் பெயரையும், சத்திரசிகிச்சையொன்று அதனை முதலிற் செய்தவரின் பெயரையும் தாங்கி நிற்பது மேலைநாட்டு மருத்துவ மரபாகும். மாணவன் அப்பெயர்களை மனனஞ் செய்கின்றான். ஆனால் அப்பெயர்களுக்குப் பின்னால் நின்ற உழைப்பினை அவன் அறிவதில்லை. ஆய்வுகூடத்தில் ஆண்டுக்கணக்காக நின்று பணிபுரிந்தோர் யாவர், அவர்களுள் எவருடைய பெயர் கட்டுரையின் தலைப்பிலே இடம்பெற்றது, எவருடையது விடுபட்டது என்னும் வினாக்கள் மருத்துவத்துக்குப் புறம்பானவை போலத் தோன்றலாம். எனினும் ஒரு சமுதாயம் அறிவை எவ்வாறு உற்பத்தி செய்கின்றது, அதன் பெருமையை எவ்வாறு பங்கிடுகின்றது என்பதை அறிய விரும்புவோர் இவ்வினாக்களைத் தவிர்த்தல் இயலாது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் பல்ரிமோர் நகரிலுள்ள யோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1944ஆம் ஆண்டு நிகழ்ந்த ‘நீலக் குழந்தை’ச் சத்திரசிகிச்சை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

நோயும் அதன் இயல்பும்

பிறவியிலேயே இதயக் குறைபாடு கொண்ட குழந்தைகளுட் சிலருக்கு உதடுகளும் விரல் நுனிகளும் நீலம் பாரித்துக் காணப்படும். இதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றைப் பிரான்சிய மருத்துவரான பலோ என்பவர் 1888இல் விரிவாக விளக்கினார். சுவாசப்பைக்குக் குருதி செல்லும் வழி ஒடுங்கியிருத்தல், இதயத்தின் கீழறைகளுக்கிடையே துளை காணப்படுதல், பெருநாடி அத்துளையின் மேலாக அமைந்திருத்தல், வலது கீழறையின் சுவர் தடித்திருத்தல் என்னும் நான்கு குறைகள் ஒருங்கே அமைவதே அந்நோயாகும். சுவாசப்பைக்குச் சென்று ஒட்சிசனைப் பெறவேண்டிய குருதி, வழி ஒடுங்கியமையால் துளையினூடாகப் பெருநாடியை அடைந்து, ஒட்சிசன் குறைந்த நிலையிலேயே உடலெங்கும் பரவுகின்றது. சில அடி தூரம் நடந்ததும் மூச்சுத் திணறிக் குந்தியிருக்கும் இக்குழந்தைகளுட் பலர் வளர்ந்தோராகும் வரை வாழ்ந்ததில்லை. இதயத்தில் கத்தி வைத்தலாகாது என்ற கருத்து வலுப்பெற்றிருந்த அக்காலத்தில், மருத்துவர்கள் செய்யக்கூடியது சொற்பமாகவே இருந்தது.

டோசிக் எழுப்பிய வினா

1898இற் பிறந்த ஹெலன் டோசிக் மருத்துவம் பயில விழைந்தபோது ஹாவர்ட் பல்கலைக்கழகம் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் வழங்கவில்லை. யோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியோ 1893இல் தொடங்கப்பட்டபோதே பெண்களை ஆண்களுக்குச் சமமாக அனுமதித்திருந்தது. இது தானாக மலர்ந்த தாராளமன்று. கல்லூரியைத் தொடங்கப் பணம் போதாதிருந்த வேளையில், பெருந்தொகையை வழங்கிய மேரி எலிசபெத் கரெற் என்ற பெண்மணி விதித்த நிபந்தனையின் விளைவே அது. அக்கல்லூரியில் 1927இற் பட்டம் பெற்ற டோசிக், 1930 முதல் அங்கே குழந்தைகளின் இதயநோய்ப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். செவிப்புலன் குன்றியிருந்தமையால் விரல்களைக் குழந்தையின் நெஞ்சில் வைத்து இதயத்தின் அதிர்வினை உணரப் பழகிக்கொண்டார்.

நீலக் குழந்தைகளை நீண்டகாலம் அவதானித்த டோசிக் ஓர் உண்மையைக் கண்டார். கருவிலிருக்கும் சிசுவுக்குப் பெருநாடியையும் சுவாசப்பை நாடியையும் இணைக்கும் சிறு குழாயொன்று உண்டு. பிறந்தபின் அது இயல்பாக மூடிக்கொள்ளும். நீலக் குழந்தைகள் சிலரில் அக்குழாய் திறந்திருக்கும்வரை நிலைமை ஓரளவு சீராக இருந்தது, மூடியதும் மோசமடைந்தது. அவ்வாறாயின், மூடிய வழிக்கு ஈடாகச் செயற்கை வழியொன்றை அமைத்தல் ஆகாதா என்பதே அவரது வினா. 1938இல் அக்குழாயை வெற்றிகரமாகக் கட்டி மூடிப் புகழ்பெற்றிருந்த பொஸ்ரன் நகரத்து ரொபேட் குரோஸிடம் இவ்வினாவை அவர் முன்வைத்தபோது அவர் அதில் அக்கறை காட்டவில்லை. 1943இல் தமது கல்லூரியின் சத்திரசிகிச்சைப் பேராசிரியரான அல்பிரட் பிளாலொக்கிடம் அவ்வினா வந்து சேர்ந்தது.

தச்சரின் மகன்

பிளாலொக்கின் ஆய்வுகூடத்தில் இவ்வினாவுக்கு விடை தேடும் பொறுப்பு விவியன் தோமஸ் என்ற கறுப்பின இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1910இல் லூசியானா மாநிலத்திற் பிறந்து நாஷ்வில் நகரில் வளர்ந்த தோமஸ் ஒரு தச்சரின் மகன்; தாமும் அத்தொழிலைப் பயின்றவர். மருத்துவராகும் நோக்குடன் கல்லூரிக் கல்விக்காகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வந்தார். 1929இன் பொருளாதார வீழ்ச்சி அவரது தொழிலைப் பறித்தது. 1930 பெப்ரவரியில், தமது 19ஆவது வயதில், வான்டர்பில்ற் பல்கலைக்கழகத்திற் பிளாலொக்கின் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தார். அதே ஆண்டில் அவரது சேமிப்பு இருந்த வங்கியும் முறிந்தது. அதனுடன் கல்லூரிக் கனவும் முடிந்தது.

சில ஆண்டுகளுள் தோமஸ் நுண்ணிய சத்திரசிகிச்சைகளைத் தனித்துச் செய்யவும், பரிசோதனைகளைத் திட்டமிடவும், பெறுபேறுகளைப் பதிவுசெய்யவும் வல்லவரானார். பெருங்காயத்தால் ஏற்படும் அதிர்ச்சிநிலைக்கு மர்மமான நச்சுப்பொருளன்றி, காயமுற்ற இழையங்களுக்குள் குருதியும் திரவமும் இழக்கப்படுவதே காரணம் என்று பிளாலொக் நிறுவிய ஆய்வுகளில் தோமஸின் கை இருந்தது. இரண்டாம் உலகப் போரில் எண்ணற்ற போர்வீரரின் உயிரைக் காத்த சிகிச்சைமுறைக்கு அவ்வாய்வுகள் துணைபுரிந்தன. எனினும் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் தோமஸ் துப்புரவுத் தொழிலாளியாகவே வகைப்படுத்தப்பட்டிருந்தார். அவர் முறையிட்ட பின்னரே நிலைமை திருந்தியது.

1941இற் பிளாலொக் ஹொப்கின்ஸுக்கு அழைக்கப்பட்டபோது தோமஸையும் உடனழைத்துச் சென்றார். அந்நிறுவனத்தின் மூலவரான யோன்ஸ் ஹொப்கின்ஸ், நிறவேறுபாடின்றி ஏழைகளுக்குச் சிகிச்சை அளிக்கவேண்டுமென 1873இல் எழுதிவைத்திருந்தார். ஆயினும் அக்காலத்தில் நோயாளர் விடுதிகள் நிறத்தின் அடிப்படையிற் பிரிக்கப்பட்டிருந்தன. வெள்ளை மேலங்கி அணிந்து தாழ்வாரத்தில் நடந்த கறுப்பின மனிதரைப் பலரும் திரும்பிப் பார்த்தனர். பெண்களை 1893இல் ஏற்றுக்கொண்ட அக்கல்லூரி, கறுப்பின மாணவரை முதன்முதலாக ஏற்றுக்கொண்டது 1963இலேயே ஆகும். ஒரு வாயில் திறந்துவிட்டமையால் மற்றைய வாயில்களும் தாமாகத் திறந்துவிடுவதில்லை என்பதற்கு இவ்விரு ஆண்டுகளுக்குமிடையிலுள்ள எழுபதாண்டு இடைவெளியே சான்றாகும்.

ஆய்வுகூடத்திலிருந்து சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு

தோமஸின் பணி இருபடிகளைக் கொண்டது. முதலில், ஆரோக்கியமான நாயொன்றில் நீலக் குழந்தையின் நிலையைச் செயற்கையாக ஏற்படுத்தவேண்டும். பின்னர் அதனை நீக்கும் வழியைக் காணவேண்டும். இரண்டாவது படிக்கு முந்திய ஆய்வொன்று உதவிற்று. 1938 அளவில், தோளுக்குச் செல்லும் நாடியைச் சுவாசப்பை நாடியுடன் இணைத்து, சுவாசப்பையிற் குருதியமுக்கத்தை உயர்த்த பிளாலொக்கும் தோமஸும் முயன்றிருந்தனர். அமுக்கம் உயரவில்லை, அம்முயற்சி தோல்வியென்றே கருதப்பட்டது. அன்று தோற்ற அதே இணைப்பு, சுவாசப்பைக்கு மேலதிகக் குருதியைக் கொண்டுசெல்லும் வழியாக இப்போது பயன்பட்டது. தோற்றதாகக் கருதப்பட்ட பரிசோதனையையும் ஒழுங்காகப் பதிந்துவைத்தலின் பயனை இதனின்றும் அறியலாம். ஏறத்தாழ 200 நாய்களில் தோமஸ் தமது முறையைச் செப்பனிட்டார். குழந்தையின் மெல்லிய நாடிகளைத் தைப்பதற்கேற்ற ஊசிகள் கிடையாமையால், இருந்தவற்றை வெட்டித் தீட்டித் தாமே ஆக்கிக்கொண்டார். தச்சுப் பட்டறையிற் பழகிய கைகளுக்கு அது புதிய வேலையன்று.

1944 நவம்பர் 29ஆம் நாள் பதினைந்து மாதப் பெண்குழந்தையொன்று சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் நிறை நான்கு கிலோகிராம் அளவினதே. பிளாலொக் இவ்விணைப்பை ஆய்வுகூடத்திற் செய்து பெற்றிருந்த பயிற்சி மிகச் சொற்பம்; தோமஸோ பலமுறை செய்து தேறியிருந்தார். ஆனால் மருத்துவப் பட்டமில்லாத தோமஸ் மனிதவுடலில் கத்தி வைத்தல் இயலாது. எனவே பிளாலொக்கின் வேண்டுகோளின்படி, அவருடைய தோளுக்குப் பின்னால் ஒரு படிக்கட்டையின் மீது தோமஸ் ஏறி நின்றார். நாடியை எவ்வளவு நீளத்துக்கு விடுவிப்பது, தையல் எத்திசையிற் செல்லவேண்டும் என்பனபற்றிப் பேராசிரியர் கேட்க, உதவியாளர் விடை பகர்ந்தார். குழந்தை பிழைத்தது, எனினும் சில மாதங்களின் பின் நிலை மீண்டும் மோசமடைய, மறு சத்திரசிகிச்சைக்குப் பின்னர் உயிர்நீத்தது. 1945 பெப்ரவரியில் மேலும் இரு பிள்ளைகளுக்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவனான ஆறு வயதுச் சிறுவனின் நீலம் பாரித்த உதடுகள் சத்திரசிகிச்சை மேசையிலேயே செந்நிறம் பெற்றன.

1945 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் இம்மூவரைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. பிளாலொக், டோசிக் ஆகிய இருவரின் பெயர்களை அது தாங்கியிருந்தது. தோமஸின் பெயர் அக்கட்டுரையில் எங்கும் இல்லை. உலகின் பல திசைகளிலுமிருந்து பெற்றோர் தம் குழந்தைகளுடன் பல்ரிமோருக்கு வந்தனர். ஓராண்டுக்குள் 200க்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அங்கே இச்சிகிச்சை செய்யப்பட்டது. 1954இல் லாஸ்கர் பரிசு பிளாலொக்குக்கும் டோசிக்குக்கும் குரோஸுக்கும் வழங்கப்பட்டது. இக்காலத்தில், குறைந்த ஊதியத்துக்கு ஈடுசெய்யுமுகமாக, பிளாலொக்கின் இல்லத்து விருந்துகளில் மதுபானம் பரிமாறும் வேலையையும் தோமஸ் செய்து வந்தார். பகலில் அவரிடம் தையல்முறை கற்ற இளம் சத்திரசிகிச்சையாளர் சிலர் மாலையில் அவர் கையாற் பானம் பெற்றனர்.

மதிப்பீடு

இவ்வரலாற்றை நல்லவர், தீயவர் என்ற எளிய பாகுபாட்டினுள் அடக்கிவிட முடியாது. தோமஸின் ஆற்றலை முதலில் இனங்கண்டவர் பிளாலொக்கே. டிட்ரொயிற் நகர வைத்தியசாலையொன்று தமக்குப் பதவியளித்து, தோமஸை ஏற்க மறுத்தபோது அப்பதவியையே அவர் துறந்தார். தோமஸின் ஊதிய உயர்வுக்காக நிருவாகத்துடன் வாதாடினார். ஆயினும் தமது புகழின் உச்சியில் நின்று அவ்வுதவியாளரின் பங்கினை உலகறியச் சொல்ல அவர் முன்வரவில்லை. தனிமனித நேர்மை ஓரளவுக்கே செல்லும். அதற்கப்பால் அமைப்பின் வழமையே ஆட்சி செலுத்துகின்றது. ஆய்வுகூட உதவியாளரைக் கட்டுரையாசிரியராகக் கருதாமை அக்கால வழமை என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. எனினும் மூளையின் உழைப்பை உயர்ந்ததெனவும் கையின் உழைப்பைத் தாழ்ந்ததெனவும் பிரித்த அவ்வழமைதான் இங்கே ஆராயப்படவேண்டியது. தோமஸின் கைகள் சிந்தித்தன. பரிசோதனையை வடிவமைத்ததும் தோல்வியினின்று பாடம் கற்றதும் அக்கைகளே. பட்டமின்மை அவரைக் ‘கையாள்’ ஆக்கியது. வறுமையும் நிறபேதமும் அப்பட்டத்தை அவருக்கு எட்டாததாக்கின. பின்னாளிற் பட்டப்படிப்பைத் தொடர அவர் முயன்றபோதும், அவரது அனுபவத்துக்கு எவ்வித மதிப்பும் அளிக்கப்படவில்லை. முதலாண்டு மாணவராகவே தொடங்கவேண்டியிருந்தமையால், மருத்துவராகும்போது ஐம்பது வயதாகிவிடும் என்று கணக்கிட்டு அம்முயற்சியைக் கைவிட்டார்.

டோசிக்கின் நிலையும் முற்றாக வேறுபட்டதன்று. உலகப் புகழ் பெற்ற பின்னரும் 1959 வரை அவர் முழுநிலைப் பேராசிரியராக உயர்த்தப்படவில்லை. வினாவை எழுப்பியவர் ஒரு பெண். விடையை ஆய்வுகூடத்தில் உருவாக்கியவர் ஒரு கறுப்பினத் தொழிலாளர். இருவரும் அந்நிறுவனத்தின் விளிம்பில் நிறுத்தப்பட்டிருந்தவர்களே.

காலம் சிறிது சிறிதாக இக்கடனைத் தீர்க்க முற்பட்டது. தோமஸிடம் பயின்று புகழ்பெற்ற சத்திரசிகிச்சையாளர்கள் ஒன்றுகூடி, 1971இல் அவரது ஓவியத்தை மருத்துவக் கல்லூரிக்கு வழங்கினர். 1976இல் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்து, சத்திரசிகிச்சைத் துறையிற் போதனாசிரியராகவும் நியமித்தது. அப்பட்டமும் மருத்துவத்துக்கன்றி, சட்டத்துக்கே வழங்கப்பட்டது. 1979இல் ஓய்வுபெற்ற அவர் தமது வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்தார். 1985 நவம்பர் 26ஆம் நாள் அவர் மறைந்த சில தினங்களின் பின்னரே அந்நூல் வெளிவந்தது. 1954இலிருந்து திறந்த இதயச் சத்திரசிகிச்சை மூலம் இந்நோயை நேரடியாகத் திருத்தும் வழி பிறந்ததாயினும், அவர் செப்பனிட்ட இணைப்பின் திருந்திய வடிவம் இன்றும் சில குழந்தைகளுக்குப் பயன்படுகின்றது. பிளாலொக், டோசிக் என்ற இரு பெயர்களுக்கிடையே தோமஸின் பெயரையும் சேர்த்து வழங்கும் வழக்கம் அண்மைக்காலத்தில் மருத்துவ ஏடுகளிற் பரவியுள்ளது.

ஒரு பெயரைப் பின்னர் சேர்த்துக்கொள்வதால் முன்னைய அநீதி நீங்கிவிடுவதில்லை. ஆயினும் அச்சேர்க்கை ஓர் உண்மையை ஒப்புக்கொள்கின்றது: அறிவு பலரது கூட்டுழைப்பின் விளைவு, அதனை ஒருவரது உடைமையாக்குவது சமுதாயத்தின் ஏற்பாடு. எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஆய்வுகூடத்தைத் திறப்பவர், கருவிகளைத் துலக்குபவர், பதிவேட்டை எழுதுபவர் எனப் பலர் உளர். அவர்களுள் எத்தனை தோமஸ்கள் தமது பெயர் எழுதப்படாமலே ஓய்வுபெற்றுச் சென்றனர் என்பதற்குக் கணக்கில்லை. அக்கணக்கை எழுதத் தொடங்குவது வரலாற்று மாணவனின் கடமையாகும்.