மின்தடை, மின்திறன் கணக்கீடு

ஒரு மின்கருவிக்குக் கிடைக்கும் மின்னழுத்தமும் அதன் வழியே ஓடும் மின்னோட்டமும் தெரிந்தால், அதன் மின்தடையையும் மின்திறனையும் கணக்கிட்டுவிடலாம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். இரண்டையும் பெருக்கினால் வாட். 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் இழுக்கும் வாட்டர் ஹீட்டர் ஒன்றின் மின்தடை ஏறத்தாழ 53 ஓம், மின்திறன் 1000 வாட். அது ஒரு மணி நேரம் ஓடினால் மீட்டரில் ஒரு யூனிட் ஏறும்.

வகுத்தல் கணக்கு ஜெர்மானியரான கியோர்க் சைமன் ஓம் தந்தது. கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராக இருந்த அவர், வெவ்வேறு நீளமுள்ள செம்புக் கம்பிகளில் மின்னோட்டத்தை அளந்து பார்த்தார். அக்கால மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்காததால் அளவுகள் தடுமாறின. பிறகு பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்பநிலை வேறுபாடு மாறாததால் அழுத்தமும் மாறவில்லை. விதியைக் காட்டிலும் இந்த ஏற்பாட்டைத்தான் மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டும். 1827இல் வெளியான அவருடைய நூலுக்குச் சொந்த நாட்டில் உடனே மதிப்புக் கிடைக்கவில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் அளித்தது. கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது என்பதை அதே காலத்தில் இங்கிலாந்தின் ஜூல் நிறுவினார்.

இவ்விரு கணக்குகளையும் சேர்த்தால், மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தும் மின்திறனைப் பெறலாம். லோ வோல்டேஜில் வெந்நீர் ஏன் அவ்வளவு தாமதமாகிறது என்பது இங்கே விளங்கும். 230 வோல்ட் 180ஆகக் குறைந்தால் அழுத்தத்தில் இழப்பு ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். ஆனால் அந்த 1000 வாட் ஹீட்டர் அப்போது தருவது ஏறத்தாழ 610 வாட்தான். 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் நீர் கொதிநிலையை எட்ட, வெளியே போகும் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஐந்து நிமிடத்துக்குப் பதில் எட்டு நிமிடம் ஆகும்.

வகுத்துக் கிடைக்கும் ஓம், அளந்த அந்த நிலைக்கு மட்டுமே உரியது. 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பு எரியும்போது 0.26 ஆம்பியர் எடுக்கிறது. மின்தடை சுமார் 880 ஓம். அணைத்து ஆறவிட்டு மல்டிமீட்டரால் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மீட்டரில் கோளாறு இல்லை. டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேற அதன் மின்தடையும் ஏறுகிறது. சுவிட்சைப் போட்ட கணத்தில் இழை குளிர்ந்திருப்பதால் மின்னோட்டம் பல மடங்கு பாயும். மெலிந்துபோன இழை பெரும்பாலும் அப்போதுதான் அறுந்துபோகிறது.

மோட்டாரில் கூடுதல் கவனம் வேண்டும். மாறுதிசை மின்னோட்டத்தில் அதன் சுருள்களால் மின்னோட்டம் அழுத்தத்துக்குப் பின்தங்கும். அதனால் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கியபின் திறன் காரணியாலும் பெருக்கியாக வேண்டும். 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் எடுக்கும் மோட்டாரின் திறன் காரணி 0.8 என்றால், அது எடுத்துக்கொள்ளும் மின்திறன் 920 வாட் அன்று, 736 வாட். 230ஐ 4ஆல் வகுத்து வரும் 57.5 ஓமும் சுருளின் மின்தடை ஆகாது. அது மாறுதிசை மின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் மொத்தத் தடுப்பு, அதாவது மின் எதிர்ப்பு (impedance). சுருளின் மின்தடை தெரிய வேண்டுமானால், இணைப்பைத் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரால்தான் அளக்க வேண்டும்.