அல்பீரூனியின் கூம்புக் கலமும் அல்காஸினியின் தராசும்

பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியல் பயிலும் மாணவர் ஆய்வுக்கூடத்தில் தொடக்கத்திலேயே கற்கும் அளவீடுகளில் ஒன்று, கல்லின் அடர்த்தியைக் காண்பது. கல்லைக் காற்றில் நிறுப்பர். பின்னர் நூலில் கட்டி நீரில் மூழ்கவிட்டு நிறுப்பர். இரு எடைகளின் வேறுபாட்டால் முதல் எடையை வகுத்தால் ஒப்படர்த்தி கிடைத்துவிடும். கிரானைட்டுக்கு இது 2.6 முதல் 2.7 வரை இருக்கும். பசால்ட்டுக்கு 3-ஐ நெருங்கும். நிலத்தடியில் கனமான பாறை இருந்தால் அவ்விடத்தில் ஈர்ப்பு சற்றே மிகும். அந்த மிகுதி பெரும்பாலும் பத்து இலட்சத்தில் சில பங்குகளே. பாறையின் அடர்த்தியை அறியாதவருக்கு அந்த நுண்ணிய எண் எதையும் உணர்த்தாது.

இக்கலையின் மூலவிதி கிரேக்கரான ஆர்க்கிமிடீசுக்கு உரியது. அதனை ஒப்புக்கொள்வதால் நம் முன்னோரின் பெருமை குறைந்துவிடாது. விதியை அளவீடாக வளர்த்ததே அவர்களுடைய பணி. 973-இல் குவாரிஸ்மில் பிறந்த அல்பீரூனி, உலோகங்களையும் மணிக்கற்களையும் அளப்பதற்கென்றே ஒரு கூம்புக் கலத்தை அமைத்தார். ஒடுங்கிய கழுத்தும் பக்கவாட்டில் ஒரு குழாயும் கொண்ட அக்கலத்தில் நீர் நிரப்பிப் பொருளை இட்டால், வெளியேறும் நீர் குழாய்வழியே தராசுத் தட்டில் விழும். கேட்பதற்கு எளிதுதான். ஆனால் குழாயில் நீர் ஒட்டிக்கொண்டு அளவைக் கெடுத்தது. அதனைக் களையக் கருவியைத் திருத்தியமைக்க வேண்டியதாயிற்று. தங்கத்திற்கு அவர் கண்ட மதிப்பு 19-க்குச் சற்று மேல். இன்றைய மதிப்பு 19.3. அவருடைய பெயரை மேடைதோறும் முழங்கும் நாம், குழாயில் ஒட்டிய அந்த நீரைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்த அளவீடுகளைப் பாதுகாத்துத் தந்தவர் அல்காஸினி. மர்வு நகரில் அடிமையாக வளர்ந்து கல்வி பெற்ற கிரேக்கர் அவர். சல்ஜூக் சுல்தான் சன்ஜருக்காக ஹிஜ்ரி 515-இல் (கி.பி. 1121–22) ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூலை இயற்றினார். அதில் விவரிக்கப்படும் தராசுக்கு ஐந்து தட்டுகள். அதன் கோல் நான்கு முழ நீளம். நீரின் வெப்பம் மாறினால் அளவும் மாறும் என்பதை அவர் கருத்தில் கொண்டார். காற்றும் பொருளைத் தாங்கி அதன் எடையைக் குறைக்கிறது என்றும் கூறினார்.

பூமியின் மையத்திலிருந்து உள்ள தொலைவைப் பொறுத்து எடை மாறும் என்று அவர் எழுதியதைக் காட்டி, நியூட்டனை முந்திவிட்டார் எனச் சிலர் மகிழ்கின்றனர். மூலத்தைப் படித்தவர் அவ்வாறு சொல்லமாட்டார். மையத்தைவிட்டு விலக விலகப் பொருள் கனக்கும் என்பதே அவருடைய கூற்று. தரைக்கு மேலே உயரச் செல்லும்போது உண்மை இதற்கு நேர்மாறானது. இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்வது, நிறுத்தலைப் பற்றி எழுதிய ஒருவரைத் தவறாக நிறுப்பதாகும்.

இந்நூலின் அரபு மூலம் 1940-இல் ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃபில் அச்சேறியது. தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் 1961-இல் தொடங்கப்பட்டதும் அதே நகரில்தான். நம் அரபுக் கல்லூரி மாணவர்கள் அகராதியில் காணும் கிஃப்பா (தட்டு), லிஸான் (முள்) ஆகிய சொற்கள் தத்தம் வேலையைச் செய்வதை அந்நூலில் காணலாம். கூம்புக் கலம் பற்றிய பகுதியையேனும் ஒரு பருவத்திற்குப் பாடமாக வைத்து, பக்கத்தில் ஒரு தராசையும் நீர்ப்பாத்திரத்தையும் வைத்துக்கொண்டு நடத்தலாம் என்பது நம் கருத்து.