மடிக்கணினி திறப்பு: முன்னேற்பாடு

மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றுமுன், கருவியிலுள்ள மின்சாரத்தையும் வேலை செய்பவர் உடம்பிலுள்ள நிலைமின்னையும் போக்கும் பணி. இலங்கையில் பசறை போன்ற ஊவா ஊர்களில் இரண்டாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சான் காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தரும் அந்த வறட்சி, உடம்பில் நிலைமின் தேங்கவும் இடங்கொடுக்கிறது. ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் குறைந்த பொறியைக் கை உணராது. சில சில்லுகளைக் கெடுக்க 100 வோல்ட்டே போதும். குளிருக்குப் போட்ட கம்பளிச் சுவெட்டரை முன்னரே கழற்றிவிட்டு உட்காருவது நல்லது.

கோப்புகளைப் பிரதியெடுத்துக் கணினியை முழுதாக நிறுத்த வேண்டும். திரையை மடித்தால் அது பெரும்பாலும் உறங்குமே தவிர அணையாது. 230 வோல்ட் இணைப்பிலிருந்து சார்ஜரைப் பிடுங்கிய பின்னும் பேட்டரி மின்சாரம் தந்துகொண்டிருக்கும். வெளியே கழலும் பேட்டரியை முதலிலேயே எடுத்துவிடலாம். உள்ளே பதித்ததாயின், மூடி திறந்ததும் வேறெதையும் தொடுமுன் அதன் இணைப்பை விடுவிக்க வேண்டும். பிறகு பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் எஞ்சியதும் வடியும். உப்பிய பேட்டரியை நெம்பவே கூடாது.

நிலைமின் பட்டியைக் கையில் கட்டுவது சிறப்பு. அதிலுள்ள 1 மெகாஓம் தடை, தவறிக் கை மின்சாரத்தில் பட்டாலும் ஓட்டத்தை மட்டுப்படுத்தும். பட்டி இல்லாதவர் வர்ணம் பூசாத உலோகத்தை அடிக்கடி தொட்டுக்கொள்ளலாம். திருகாணிகளைக் கழற்றிய இடவரிசைப்படி வைப்பதும் இந்த முன்னேற்பாட்டில் சேரும்: நீளமானது குட்டைத் துளையில் ஏறினால் தாய்ப்பலகை சேதமாகலாம்.