குதிரும் நொச்சியும்

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று இன்று வீடுகள் நெருங்கி நிற்கும் இப்பிரதேசம் நெடுங்காலம் ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைத்த கிராமங்களாக இருந்ததற்கு, எஞ்சியிருக்கும் ஏரிகளே சாட்சி. ஏரி நிரம்பி, கதிர் முற்றி, களத்துமேட்டில் நெல் குவிந்த பின்னும் குடியானவனுக்குக் கவலை தீர்ந்ததில்லை; வயலில் தப்பிய தானியத்தை வீட்டிற்குள் வந்து அழிக்கும் அந்துப்பூச்சியும் வண்டும் அடுத்த அறுவடை வரை அவனுடனேயே குடியிருந்தன. அவற்றுக்குத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் கண்ட பரிகாரம் வேப்பிலையும் நொச்சித் தழையும்.

அந்த முறை கூர்ந்து கவனிக்கத்தக்கது. தழையை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் நீங்கிய பின்னரே, மண்குதிரில் நெல்லைக் கொட்டுந்தோறும் இடையிடையே பரப்பி, நிறைந்ததும் வாயை மூடி, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசிவிடுவார்கள். ஈரத்தழையால் தானியத்தில் பூஞ்சணம் பிடிக்கும் என்பது எளிதில் விளங்கும். வெயிலை விலக்கியதன் காரணமோ சாஸ்திரத்துக்கு மிகப் பிந்தியே புலப்பட்டது.

1959-இல் சூடான் தேசத்தில் வெட்டுக்கிளிக் கூட்டம் பச்சையெல்லாம் தின்று தீர்த்தபோது வேப்ப மரங்களை மட்டும் தொடாமல் விட்டதை ஹைன்ரிச் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலார் கண்டார். 1968-இல் பட்டர்வொர்த், மார்கன் என்னும் இருவர் வேப்ப விதையிலிருந்து அசாடிராக்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அது பூச்சியின் பசியைக் கெடுப்பதோடு, தோலுரித்து வளரும் அதன் இயல்பையும் குலைத்துவிடுகிறது. அதனைச் சோதனைச்சாலையில் முழுமையாக உருவாக்கும் முயற்சி ஸ்டீவன் லே குழுவினருக்கு 2007-இல் கைகூடியபோது 22 ஆண்டுகள் கழிந்திருந்தன. இத்தனை அரிய பொருள் வெயில் பட்டால் சிதைந்துபோவது. நொச்சியின் வாசனை எண்ணெயும் வெயிலில் ஆவியாகிவிடும். நிழலும் குதிருக்குள்ளிருந்த இருளும் அவ்விரண்டையும் காத்தன.

வேம்பு என்றும் ஆயுதபாணியாக நிற்கும் மரம். வேறு சில தாவரங்கள் கடிபட்ட பின்னரே படை திரட்டுகின்றன: தக்காளி இலையொன்றைப் புழு கடித்தால், கடிபடாத மற்ற இலைகளிலும் பூச்சியின் ஜீரணத்தைத் தடுக்கும் புரதங்கள் பெருகுவதை 1972-இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ரையனும் கிரீனும் வெளியிட்டார்கள்; இத்தற்காப்பைத் தூண்டும் சிஸ்டமின் என்ற பொருள் 1991-இல் அகப்பட்டது. இவ்வகைத் தற்காப்பு உயிருள்ள செடிக்கே உரியதாதலால் குதிருக்குள் வைக்கப் பயன்படாது. பறித்த பின்னும் வீரியம் மாறாத தழைகளையே நம் முன்னோர் தேர்ந்தெடுத்தார்கள். ஆடு வாய்வைக்காத நொச்சியையும் ஆடாதோடையையும் வேலியில் நட்டவர்களுக்கு, எதை எந்தப் பிராணி வெறுக்கிறதென்று அறிய வேறு பாடசாலை வேண்டியிருக்கவில்லை.

தானியத்தைக் காத்த அறிவே ஏட்டையும் காத்தது. வேகவைத்து உலர்த்திய பனையோலைக்குத் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி ஏது? அதனால் மஞ்சள், வசம்பு, வேப்பிலை ஆகியவற்றின் காவலை அதற்கு இரவல் வாங்கிக் கொடுத்தார்கள். அக்காவல் தவறிய வீடுகளில் செல்லரித்துக் கிடந்த சுவடிகளைக் கண்டு மனம் நொந்தவர் உ. வே. சாமிநாதையர். அவர் 1942-இல் மறைந்த மறு ஆண்டு ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் தோன்றிய நூல்நிலையம் இன்று பெசன்ட் நகரில் அவர் தேடிச் சேர்த்த ஏடுகளைப் பாதுகாத்து வருகிறது. நெல்லுக்கு ஆண்டுதோறும் புதுத்தழை போட்டதுபோல் ஏட்டுக்கும் காலந்தோறும் எண்ணெய் பூச வேண்டும். ஒரு தலைமுறை மறந்தால் ஒரு நூல் போயிற்று.

வயல்கள் மனைகளானபின் குதிர்கள் உடைந்தன; ஆனால் பழைய பசுமை முற்றும் மறைந்துவிடவில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்தபோது சேலையூர்க் காட்டில் ஒரு பகுதி அதன் வளாகமாயிற்று. ரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அங்கே தாவரங்களைப் பேணி வளர்த்ததால், இந்த வட்டாரத்தின் பழைய புதர்க்காட்டை இன்றும் கண்ணாரக் காணலாம்.

நொச்சியோ எதிர்பாராத வழியில் ஊருக்குத் திரும்பியது. இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் கொசுத் தொல்லைக்கு மாற்றாக நீர்வழிக் கரைகளிலும் வீடுகளிலும் நொச்சிக் கன்றுகளை நடச் சென்னை மாநகராட்சி முற்பட்டது. நல்ல எண்ணந்தான், ஆயினும் இலைக்குள் அடங்கிய எண்ணெய், கசக்கும்போதும், அந்தி வேளையில் காய்ந்த தழையைப் புகைக்கும்போதுமே மிகுதியாக வெளிப்படும். கரையில் வெறுமே நிற்கும் செடி கொசுவை விரட்டிவிடும் என்று நம்புவது வழக்கத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதாகும் என்றே எனக்குத் தோன்றுகிறது. மறுபாதியைச் சொல்லிக்கொடுக்க அந்தந்தத் தெருவிலேயே பாட்டிமார் இருந்தார்கள்.