புருவ நூலும் 750 மணி நேரமும்

1/ பார்லர்ல ஐப்ரோ பண்ண பத்து நிமிஷம் போதும். ஆனா அந்த வேலையைச் செய்யறவங்க எத்தனை மணி நேரம் படிச்சிருக்கணும்? அமெரிக்காவில் இந்தக் கேள்வி ஒரு மாநில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. த்ரெட்டிங்கின் பழைய கதையிலிருந்து ஆரம்பிப்போம்.

2/ ஈரானில் இதற்குப் பெயர் 'பந்த் அந்தாஸி'. கல்யாணமாகாத பெண் முகத்து முடியை எடுக்கக் கூடாது என்பது அங்கே பழைய வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் உறவுக்காரப் பெண்கள் கூடி, இந்தத் தொழில் தெரிந்த ஒரு பெண்மணியை வரவழைத்து மணப்பெண்ணுக்கு முதல் தடவையா நூல் போடுவாங்க. திருத்திய புருவம்தான் கல்யாணத்துக்கு அடையாளம்.

3/ சீனாவிலும் இதே மாதிரி ஒரு சடங்கு: 'கை லியன்', அதாவது முகம் திறத்தல். மணப்பெண்ணின் முகத்துப் பூனை முடியை நூலால் எடுப்பாங்க. தைவான் சந்தைகளில் முகத்துக்கு வெள்ளைப் பொடி பூசி, நூல் முனையைப் பல்லில் கடித்தபடி இதைச் செய்யும் பெண்கள் இன்னைக்கும் உண்டு.

4/ தேவையானது ஒரு பருத்தி நூல். நடுவில் முறுக்கி, அந்த முறுக்கைத் தோல் மேல் ஓடவிட்டா முடியைக் கவ்வி வேரோடு இழுத்துடும். ரசாயனம், சூடு, பிளேடு எதுவும் கிடையாது. பெரியவங்க கையைப் பார்த்துப் பழகின வித்தை இது.

5/ புலம்பெயர்ந்த குடும்பங்களோடு இது அமெரிக்க மால்களுக்கும் போச்சு. டெக்சாஸ் உரிமத் துறை, 'அழகுக்கலை உரிமம் இல்லாம இதைச் செய்யக் கூடாது'ன்னு நடவடிக்கை எடுத்தது. உரிமம் வாங்க 750 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் முடிக்கணும். தொழில் செய்தவங்க 2009இல் வழக்குப் போட்டாங்க.

6/ தொற்று பரவும் என்பது அரசின் வாதம். அது வெறும் சாக்கு இல்லை. முடி வேரோடு வரும்போது தோலில் கண்ணுக்குத் தெரியாத காயங்கள் ஏற்படும். ஒருத்தர் முகத்தில் ஓடிய நூல் அடுத்தவர் முகத்திலும் ஓடினா, மரு, மொலஸ்கம் மாதிரி வைரஸ் தொற்றுகளும் பாக்டீரியா கொப்புளங்களும் பரவ வழி இருக்கு.

7/ ஆனா அந்த 750 மணி நேரத்தில் 320 மணி நேரம் வரை த்ரெட்டிங்குக்குச் சம்பந்தமில்லாததுன்னு அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம்னு வெச்சா 40 நாள்! அத்தனை நாள் சம்பாத்தியமும் போய், பயிற்சிக்குப் பணமும் கட்டணும். 2015 ஜூன் 26 அன்று 6க்கு 3 என்ற கணக்கில், இவங்க மேல இந்த நிபந்தனை செல்லாதுன்னு தீர்ப்பு வந்தது.

8/ ஒரு டாக்டரா எனக்கு இந்தத் தீர்ப்பு நியாயமாத்தான் படுது. ஆனா 750 மணி நேரம் அதிகம் என்பதற்கு, பயிற்சியே வேண்டாம்னு அர்த்தம் இல்லை. அன்னைக்கு ஒரு வீட்டில் ஒரு மணப்பெண். இன்னைக்குப் பார்லரில் ஒரே நாற்காலியில் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் உட்கார்றாங்க. வித்தை மாறலை, கூட்டம் மாறியிருக்கு. அதனால கட்டாயம் கத்துக்க வேண்டிய பாடம் சுத்தம்தான். அதுக்கு மாசக்கணக்கு தேவையில்லை.

9/ பார்லர்ல நீங்க கவனிக்க வேண்டியவை:
• ஆளுக்கு ஒரு புது நூல். பயன்படுத்தினதைக் குப்பையில் போடணும்.
• தொடங்கும் முன் கை கழுவணும்.
• நூலை வாயில் கடிக்காம, கழுத்தில் கட்டிக்கொண்டும் செய்யலாம். அப்படிச் செய்யச் சொல்லிக் கேளுங்க.
• புருவத்துக்கிட்ட மரு, சீழ்க்கட்டி, புண் இருந்தா ஆறும் வரை தள்ளிப்போடுங்க.
• வெண்புள்ளி இருக்கிறவங்க தோல் மருத்துவரைக் கேட்டுட்டுப் போங்க. காயம் படும் இடத்தில் புதுப் புள்ளி வரலாம்.

10/ ஒரு வாரம் பத்து நாளில் அந்த இடத்தில் கொப்புளமோ, சில வாரம் மாசம் கழிச்சு சின்னச் சின்ன மருவோ தெரிஞ்சா, கிள்ளாதீங்க, கண்ட க்ரீமும் போடாதீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க, 'த்ரெட்டிங் பண்ணேன்'னு சேர்த்துச் சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தை காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ரொம்ப உதவும்.