'தெர்சு உசாலா': ஒரு கானகக் கையறுநிலை

இழப்பின் துயரை உரக்கக் கூறாது, காட்டின் அமைதியிடம் ஒப்படைத்த திரைப்படங்களுள் 'தெர்சு உசாலா' தலையாயது எனலாம். சப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா, சோவியத் நாட்டின் மோசுபிலிம் நிறுவனத்திற்காக உருசிய மொழியில் எடுத்த இப்படம் 1975இல் வெளிவந்தது.

இதன் மூலம் வெறுங்கற்பனையன்று. உருசியப் படை அதிகாரி விளாதிமிர் அர்சேனியெவ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உசூரிக் காடுகளை அளந்து வரைபடமாக்கினார். அவருக்கு வழிகாட்டியவர் நானாய் இனத்து வேட்டுவரான தெர்சு. அப்பயணங்களை அர்சேனியெவ் எழுதிய நூல் 1923இல் வெளியாயிற்று.

படத்தின் தெர்சு, அம்மை நோய்க்கு மனைவி மக்களைப் பறிகொடுத்தவர். தீயையும் நீரையும் ஞாயிற்றையும் 'மனிதர்' என்றே விளிப்பவர். ஆளற்ற குடிலொன்றைச் செப்பனிட்டு, இனி வரப்போகும் முகமறியா ஒருவனுக்காக அரிசியும் உப்பும் தீக்குச்சியும் விட்டுச்செல்ல வேண்டுகிறார். தன்னவரெல்லாம் மாண்டபின்னும் பிறர்க்கென எண்ணும் இந்நெஞ்சமே படத்தின் உயிர். தனிமை, மானுடத்தைத் துறப்பதன்று என்பதை எந்த உரையாடலும் இதைவிடத் தெளிவாக உணர்த்த இயலாது.

இப்படைப்பின் பின்னே படைத்தவரின் இருளும் உண்டு. 1970இல் 'தோதெசுகாதென்' படம் வணிகத்தில் தோற்றது. 1971 திசம்பரில் குரோசாவா தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். அதன்பின் அவர் இயக்கிய முதற்படம் இதுவே. அயல்நாட்டுக் காட்டில், அயல்மொழியில் அவர் மீண்டெழுந்தார். சிறந்த பிறமொழிப் படத்திற்கான ஆசுகர் விருதும் இதற்குக் கிட்டியது.

உண்மைத் தெர்சு 1908இல் கபரோவ்சுக் அருகே கொலையுண்டார். படமோ 1910இல் தொடங்குகிறது. அர்சேனியெவ் நண்பரின் புதைகுழியைத் தேடி வருகிறார். அடையாளமாய் நின்ற பெருமரங்கள் வெட்டப்பட்டுக் குடியிருப்பு எழும்பியிருக்கிறது. காட்டையெல்லாம் அளந்தவருக்கு அந்த ஆறடி நிலம் அகப்படவில்லை. அளக்கப்பட்ட காடு காடாகவே நிலைப்பதில்லை என்னும் வரலாற்றுத் துயரம், ஒரு தனிமனிதனின் துயரத்தோடு அங்கே ஒன்றிவிடுகிறது.

படத்தின் முடிவில், புதைத்த இடத்தருகே தெர்சுவின் கவைக்கோலை அர்சேனியெவ் ஊன்றுகிறார். நம் முன்னோர் நடுகல்லில் பெயரும் பீடும் பொறித்தனர். இங்கோ எழுத்தில்லை, ஊன்றிய கோலும், மெல்ல உச்சரித்த ஒரு பெயருமே உண்டு. கையறுநிலை பாடும் கவிஞர் எண்ணிப் பார்க்கத்தக்க சொற்சிக்கனம் இது.