செஞ்சி நாயக்கரும் ஒல்லாந்தரும்

வல்லம் கடற்கரை ஊரன்று. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில், ஏரி நீரையும் பருவ மழையையும் நம்பி உழும் ஊர். 'வள்ளம்' எனின் படகு. 'வல்லம்' வேறு சொல். ஓரெழுத்து ஒப்புமை கொண்டு ஊரைக் கடலேற்றிவிட முனைவது ஆராய்ச்சியாகாது. ஆயினும் இவ்வூர் இருக்கும் செஞ்சிச் சீமைக்கும் ஒல்லாந்த நாட்டுக் கப்பல்களுக்கும் நானூறாண்டுகளுக்கு முன்பே தொடர்பு உண்டு. செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் இராஜகிரியின் உயரத்தை வியந்து, தேசிங்கு ராஜனின் கதையைப் பேசித் திரும்புகின்றனர். அக்கோட்டையின் ஆணை ஒருகாலத்தில் கடலோரம் வரை செல்லுபடியானது என்பதை நினைப்பார் சிலரே.

ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தோன்றியது. அவர்கள் நாடிச் சென்றது மொலுக்கத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும். அத்தீவு மக்களோ வெள்ளியைக் காட்டிலும் சோழமண்டலக் கரையின் துணியையே பெரிதும் விரும்பினர். ஆகவே மிளகும் கிராம்பும் வேண்டுமாயின் முதலில் சேலையும் வேட்டியும் வேண்டும் என்பதை அவ்வணிகர் விரைவிலேயே உணர்ந்தனர். 1605இல் மசூலிப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்தவர்கள், பின்னர்த் தெற்கு நோக்கி வந்தனர். 1608இல் செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர், இன்றைய கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் வணிகம் செய்யவும் அரண் அமைக்கவும் அவர்களுக்கு இசைவளித்தார். தமிழ் நிலத்தில் ஒல்லாந்தர் ஊன்றிய முதற்கால் அதுவே எனலாம்.

இசைவு நிலைக்கவில்லை. மயிலாப்பூரில் வேரூன்றியிருந்த போர்த்துக்கீசியர் வேலூரிலிருந்த விஜயநகர வேந்தர் வேங்கடபதியை அணுகினர். வேந்தரின் நெருக்குதலால் நாயக்கர் பின்வாங்க வேண்டியதாயிற்று. இதில் ஒரு நகைமுரண் உண்டு. தேவனாம்பட்டினத்தில் ஒல்லாந்தரைத் தடுத்த அதே வேந்தர், 1610இல் பழவேற்காட்டில் அவர்களுக்குத் தாமே இடம் தந்தார். அவ்விடத்தைப் போர்த்துக்கீசியர் 1612இல் தாக்கிச் சூறையாடினர். மறு ஆண்டே அங்கே கெல்ட்ரியாக் கோட்டை எழுந்தது. ஒல்லாந்த நாட்டின் கெல்டர்லாந்து மாநிலப் பெயரே அதற்கு இடப்பட்டது.

இவ்வணிகம் நடந்த முறை கூர்ந்து நோக்கத்தக்கது. கம்பெனியார் நெசவாளரை நேரே அறியார். அச்சுதப்ப செட்டி போன்ற பெருவணிகரிடம் முன்பணம் கொடுப்பர். அவ்வணிகர் தம் ஆட்கள் வழி ஊர்தோறும் தறிக்காரர்க்கு அதைப் பகிர்ந்தளிப்பர். சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய துணி, மாதங்கள் கழித்துத் துறைமுகம் சேரும். நீளத்திலோ இழையிலோ குறை கண்டால் துணி திரும்பும். முன்பணமோ கடனாக நிற்கும். ஆதாயம் கடல் கடந்தது. கடன் தறியடியிலேயே தங்கியது.

துணி மட்டுமா ஏற்றப்பட்டது? இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. 1620களிலும் 1640களிலும் பஞ்சமும் போரும் இப்பகுதியை வாட்டியபோது, பட்டினியால் தம்மையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்கள் பழவேற்காட்டிலிருந்தும் தேவனாம்பட்டினத்திலிருந்தும் அடிமைகளாகப் பட்டேவியாவுக்கு ஏற்றப்பட்டனர். 1649இல் செஞ்சி பீஜப்பூர்ப் படையிடம் வீழ்ந்தது. கோட்டை கைமாறிய ஆண்டை வரலாறு தவறாமல் குறிக்கிறது. அப்போரில் உழவிழந்து கப்பலேறியவர்க்கு ஊரும் பேரும் குறிக்கப்படவில்லை.

வல்லத்திலிருந்து இத்தலங்களைக் காணப் புறப்படுவோர் முதலில் தேவனாம்பட்டினம் செல்லலாம். ஆனால் அங்கே ஒல்லாந்தரைத் தேடுவோர் ஆங்கிலேயரையே காண்பர். 1690இல் செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் இராஜாராமிடமிருந்து ஆங்கிலேயர் அக்கோட்டையை விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். பீரங்கிக் குண்டு விழும் எல்லை வரை உள்ள நிலம் அவர்க்கு என்பது உடன்பாடு.

புதுச்சேரியின் நேரான தெருக்களைப் பிரெஞ்சுக்காரரின் கைத்திறன் என்றே பலரும் எண்ணுவர். 1693 முதல் 1699 வரை அந்நகர் ஒல்லாந்தர் வசம் இருந்தது. அக்காலத்தில் அவர்கள் வரைந்த திட்டத்தின் சாயலே அத்தெருக்களில் தெரிகிறது. இங்கும் செஞ்சி இல்லாமலில்லை. முகலாயர் முற்றுகையில் பொருள் முட்டுப்பட்டிருந்த இராஜாராமின் அரசிடமே ஒல்லாந்தர் அவ்வூரின் உரிமையைப் பெற்றனர்.

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம் தனித்துச் சொல்லத்தக்கது. 'சட்ராஸ்' என ஐரோப்பியர் நாவில் சிதைந்த அவ்வூர், மெல்லிய துணிக்குப் புகழ்பெற்றது. செங்கல் மதில், பண்டகசாலை, மதிலுக்குள்ளேயே அமைந்த கல்லறைகள் ஆகியவை இன்றும் காணக்கிடக்கின்றன. 1781இல் ஆங்கிலேயர் தாக்குதலில் சிதைந்த அக்கோட்டை, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அடுத்த ஆண்டு அவர்கள் கைக்கே போயிற்று. பழவேற்காடும் அவ்வாறே. அங்குக் கெல்ட்ரியாவின் மதில்கள் மண்மேடாகிவிட்டன. கல்லறைத் தோட்டத்தின் வாயிலிலோ எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் இரண்டு இன்னும் காவல் நிற்கின்றன. இறந்தவரின் பெயரும் பதவியும் கருங்கல்லில் புடைப்பெழுத்தாக நிற்க, தொல்லியல் துறை அவற்றைப் பாதுகாக்கிறது.

ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் ஒன்று கோட்டைகளினும் உறுதியாக நிலைத்துவிட்டது. 'கக்கூசு' என்பதே அது. யாழ்ப்பாணத் தமிழர் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்றனர்; அதுவும் அவர்கள் சொல்லே. ஆட்சி அகன்ற பின்னும் இவ்விரண்டும் நாவில் தங்கியமை மொழிநூலார்க்குச் சுவை தரும்.

அக்கம்பெனியின் ஆவணங்கள் நெதர்லாந்திலும் சென்னை ஆவணக் காப்பகத்திலும் பிறவிடங்களிலும் உள்ளன. 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. துணிக்கட்டின் எண்ணிக்கையும் விலையும் அக்கணக்கேடுகளில் வரிவரியாக உண்டு. கல்லறைகளைக் கண்டு திரும்பும் மாணவருள் ஒருவரேனும் அம்மொழி கற்று அவ்வேடுகளைப் புரட்டுவாராயின், எந்த ஊர்த் தறியில் நெய்த துணி எந்தத் தீவில் விலைபோயிற்று என்பதை ஒருவாறு கண்டறியலாம். விழுப்புரம் மாவட்ட வரலாற்றில் அப்பகுதி இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது.